ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம்: இயேசு சபைக் குருக்களிடமிருந்து பொதுநிலையினருக்கு வந்த தலைமைப் பொறுப்பு

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் அமைந்துள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம், அந்நாட்டின் மிகப் பழமையான கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனமாகும். சென்னை லயோலா கல்லூரியையும் திருச்சி தூய வளனார் கல்லூரியையும் நடத்திவரும் அதே இயேசு சபையின் மரபில் வந்தது இப்பல்கலைக்கழகம். முன்னாள் அதிபர் பில் கிளிண்டன் இங்கு பயின்றவர்.

இதன் தலைவர்களின் வரிசையில் பேராயரானவரும் உண்டு, சபையின் கண்டனத்துக்கு ஆளாகி நாடு விட்டுச் சென்றவரும் உண்டு. அடிமைகளை விற்றவரின் பெயரும், அடிமைத் தாயின் மகனாகப் பிறந்தவரின் பெயரும் ஒரே வரிசையில் இடம்பெற்றுள்ளன. அந்த வரலாற்றுக்குப் பொறுப்பேற்கும் கடமை, குருவாக இல்லாத முதல் தலைவரின் காலத்தில்தான் முழுமையாக எழுந்தது.

சபை இல்லாத காலத்தில் பிறந்த கல்லூரி

1773-ஆம் ஆண்டு திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் இயேசு சபையைக் கலைத்தார். அதனால் சபை உறுப்பினர் என்ற தகுதியை இழந்த குருக்களில் ஒருவர் ஜான் கரோல். பின்னர் அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க ஆயரான அவர், 1789 ஜனவரி 23 அன்று பொட்டோமாக் ஆற்றங்கரைக் குன்றில் ஒரு நிலத்தின் உரிமையைப் பெற்றார். அந்த நாளையே பல்கலைக்கழகம் தனது நிறுவன நாளாகக் கொள்கிறது. எனவே ஜார்ஜ்டவுன் தோன்றியபோது அமெரிக்காவில் இயேசு சபையே சட்டப்படி இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

கரோல் கல்லூரியின் தலைவராகவில்லை. 1791-ஆம் ஆண்டு ராபர்ட் பிளங்கெட் முதல் தலைவராகப் பொறுப்பேற்று இரண்டு ஆண்டுகளில் விலகினார். அடுத்து வந்த ராபர்ட் மோலினோவும் நீண்டகாலம் நீடிக்கவில்லை. மூன்றாமவரான லூயி வில்லியம் துபூர், பிரெஞ்சுப் புரட்சியால் அமெரிக்காவுக்கு வந்த சுல்பீசியன் சபைக் குரு. 1797-ஆம் ஆண்டு ஜார்ஜ் வாஷிங்டன் கல்லூரிக்கு வருகை தந்தது இவருடைய காலத்தில்தான். கல்லூரியின் கடன் வளர்ந்ததும் இவர் காலத்தில்தான். நிர்வாகிகளுடன் முரண்பட்டு 1798-இல் விலகிய அவர், பின்னாளில் லூசியானாவின் ஆயரானார்.

அவருக்குப் பின் வந்த லியோனார்டு நீல், கல்லூரித் தலைவராக இருந்துகொண்டே ஆயர் திருப்பொழிவும் பெற்றார். துறவு மடத்துக்கு நிகரான கட்டுப்பாடுகளை மாணவர்கள்மீது அவர் விதித்ததால் சேர்க்கை சரிந்தது. 1805-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இயேசு சபை மீண்டும் செயல்படத் தொடங்கியதும், கல்லூரி சபையின் பொறுப்புக்கு வந்தது.

சரிந்துகொண்டிருந்த கல்லூரியை நிமிர்த்தியவர் இத்தாலியரான ஜொவான்னி கிராஸி. 1812-இல் பொறுப்பேற்ற இவர், கணிதத்திலும் அறிவியலிலும் ஆர்வம் மிக்கவர். 1815 மார்ச் 1 அன்று, பட்டம் வழங்கும் அதிகாரத்தை அளிக்கும் சட்டத்தில் அதிபர் ஜேம்ஸ் மாடிசன் கையெழுத்திட்டார். அதை நாடாளுமன்றத்தில் முன்னெடுத்த வில்லியம் காஸ்டன், இக்கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவர். 1817-இல் ரோமுக்குச் சென்ற கிராஸி பிறகு அமெரிக்கா திரும்பவில்லை.

1838: விற்பனை ஒப்பந்தம்

ஜார்ஜ்டவுன் தலைமையின் வரலாற்றில் இன்றுவரை முடிவுறாத அத்தியாயம் தாமஸ் மலெடியின் காலத்தில் தொடங்குகிறது. 1829 முதல் 1838 வரை கல்லூரித் தலைவராக இருந்த இவர், தாராளமாகக் கட்டடங்களை எழுப்பினார். கடனும் அதே அளவில் பெருகியது. பின்னர் மேரிலாந்து மாநில இயேசு சபையின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார். அப்பொறுப்பில் அவருக்கு முன் இருந்த வில்லியம் மக்ஷெரி கல்லூரித் தலைவரானார். நாற்காலிகள் மாறினவே தவிர, முடிவெடுத்தவர்கள் மாறவில்லை.

மேரிலாந்தில் சபைக்குப் பெரும் பண்ணைகள் இருந்தன. அவற்றில் உழைத்தவர்கள் அடிமைகள். 1838 ஜூன் 19 அன்று மலெடி கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என 272 பேர் லூசியானா மாநிலத்தின் ஹென்றி ஜான்சன், ஜெஸ்ஸி பேட்டி ஆகிய இருவருக்கு விற்கப்பட்டனர். விலை 1,15,000 டாலர். முன்பணமாகக் கிடைத்த 25,000 டாலரில் 17,000 டாலர் கல்லூரிக் கட்டடக் கடனை அடைக்கச் சென்றது.

விற்பனைக்கு ரோமில் இருந்த சபையின் உலகத் தலைவர் யான் ரூதான் அனுமதி அளித்திருந்தார். ஆனால் நிபந்தனைகளும் விதித்திருந்தார். குடும்பங்கள் பிரிக்கப்படக் கூடாது, அவர்கள் தம் சமயக் கடமைகளை ஆற்ற வழி இருக்க வேண்டும், கிடைக்கும் பணத்தைக் கடன் அடைக்கப் பயன்படுத்தக் கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை. இவை மீறப்பட்டதாக எழுந்த புகார்களின்பேரில் மலெடி பதவி விலக நேர்ந்தது. அவர் சிறிது காலம் ஐரோப்பாவில் தங்கவைக்கப்பட்டார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனிதர்களை விற்றது குற்றமாகக் கருதப்படவில்லை. விற்ற முறைதான் குற்றமாகக் கருதப்பட்டது. 1843-இல் மாசசூசெட்ஸில் தொடங்கப்பட்ட ஹோலி கிராஸ் கல்லூரிக்கு மலெடியே முதல் தலைவரானார். 1845-இல் ஜார்ஜ்டவுன் தலைமையும் மீண்டும் அவரைத் தேடி வந்தது.

அடிமைத் தாயின் மகன்

மலெடி தலைமை வகித்த ஹோலி கிராஸ் கல்லூரியில் 1844-இல் ஹீலி என்ற குடும்பப் பெயர் கொண்ட சகோதரர்கள் சேர்க்கப்பட்டனர். தந்தை ஜார்ஜியா மாநிலத்தில் குடியேறிய அயர்லாந்துப் பண்ணையார். தாய் மேரி எலைசா, அதே பண்ணையின் அடிமை. அந்த மாநிலச் சட்டப்படி இருவரின் திருமணம் செல்லாது. பிள்ளைகளும் பிறப்பால் அடிமைகளே. எனவே கல்விக்காக அவர்கள் வடமாநிலங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

அச்சகோதரர்களுள் ஒருவர் பேட்ரிக் பிரான்சிஸ் ஹீலி. இயேசு சபையில் சேர்ந்து பெல்ஜியத்தின் லுவேன் நகரில் 1865-இல் முனைவர் பட்டம் பெற்றார். ஜார்ஜ்டவுனில் மெய்யியல் கற்பித்தார். 1873-இல் தலைவர் ஜான் ஏர்லி பதவியில் இருந்தபோதே மறைந்ததும் தற்காலிகப் பொறுப்பேற்று, 1874-இல் முறைப்படி தலைவரானார். வெள்ளையர் பெரும்பான்மையாகப் பயிலும் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தலைமையேற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் என இன்று அவர் போற்றப்படுகிறார். அக்காலத்தில் அவரைப் பெரும்பாலோர் அயர்லாந்து வம்சத்தவராகவே அறிந்திருந்தனர். சபைத் தலைமைக்கு அவரது பிறப்பு தெரிந்திருந்தாலும் அது பேசப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் அது பரவலாக வெளியே தெரிந்தது. அவரது அண்ணன் ஜேம்ஸ் அகஸ்டின் ஹீலி 1875-இல் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்து ஆயரானார்.

ஹீலிக்கு முன் ஜார்ஜ்டவுன் ஒரு சிறு கல்லூரி. உள்நாட்டுப் போர் அதை ஏறக்குறைய காலிசெய்திருந்தது. மாணவர் பலர் போருக்குச் சென்றனர், கட்டடங்களை ராணுவம் பயன்படுத்தியது. வட, தென் படைகளின் சீருடை நிறங்களான நீலமும் சாம்பலும் 1876 முதல் கல்லூரியின் நிறங்களாயின. ஹீலி அறிவியல் பாடங்களை விரிவுபடுத்தினார், 1851-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியையும் 1870-இல் தொடங்கிய சட்டப் பள்ளியையும் வலுப்படுத்தினார். 1877-இல் அவர் தொடங்கிய பெருங்கட்டடம், இன்றும் ஆற்றின் மறுகரையிலிருந்து முதலில் கண்ணில் படும் கோபுரத்துடன் நிற்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தை வடிவமைத்த ஸ்மித்மேயர், பெல்ஸ் இருவரே அதன் சிற்பிகள். பணம் போதாமல் உட்புற வேலைகள் பல ஆண்டுகள் முடியாமல் கிடந்தன. உடல்நலம் குன்றி 1882-இல் ஹீலி விலகினார். அவர் பெயர் தாங்கிய கட்டடம் உள்ள அதே வளாகத்தில் கறுப்பின இளநிலை மாணவர் ஒருவர் சேர 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நியமனம் யார் கையில்?

நெடுங்காலம் பல்கலைக்கழகத் தலைவர் என்பவர் அங்குள்ள இயேசு சபை இல்லத்தின் தலைவரும் ஆவார். அவரைத் தெரிவு செய்தது பல்கலைக்கழகம் அல்ல, சபையின் மேலிடம். துறவு இல்லத் தலைவர்களின் பதவிக்காலத்துக்குத் திருச்சபைச் சட்டம் வரம்பு விதித்ததால், நிர்வாகத்தைக் கற்றுத் தேர்வதற்குள் இடமாற்றம் வந்துவிடும். 1791 முதல் 2001 வரையிலான 210 ஆண்டுகளில் 47 தலைமைகள். சராசரி ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவு. 1952 முதல் 1964 வரை 12 ஆண்டுகள் நீடித்த எட்வர்டு பன் அரிய விதிவிலக்கு.

1960-களில் நிலை மாறியது. 1967-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் லேண்ட் ஓ லேக்ஸ் என்ற இடத்தில் கூடிய கத்தோலிக்கக் கல்வியாளர்கள், கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு வெளி அதிகாரத்திலிருந்து தன்னாட்சி தேவை என அறிக்கை வெளியிட்டனர். அப்போதைய ஜார்ஜ்டவுன் தலைவர் ஜெரார்டு கேம்பெல் அதில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவர். பொதுநிலையினரும் இடம்பெறும் ஆட்சிக் குழுக்களின் கைக்கு நியமன அதிகாரம் மாறியது. 1969-இல் கலை, அறிவியல் கல்லூரி பெண்களுக்கும் திறக்கப்பட்டது.

1976 முதல் 1989 வரை தலைவராக இருந்த டிமத்தி ஹீலி (முந்தைய ஹீலியின் உறவினர் அல்லர்) நிதி திரட்டுவதில் வல்லவர். பின்னர் நியூயார்க் பொது நூலகத்தின் தலைவரானார். தன்பாலின ஈர்ப்புள்ள மாணவர் அமைப்புகளுக்கு வசதிகள் மறுக்கப்பட்ட வழக்கில் 1987-இல் தலைநகர மேல்முறையீட்டு நீதிமன்றம் மாணவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோது, உச்ச நீதிமன்றம் செல்லாமல் வழக்கை முடித்துக்கொள்ளும் முடிவை எடுத்தவர் இவரே. அவரை அடுத்து 2001 வரை பதவி வகித்த லியோ ஓடோனவன், குருவாக இருந்து இப்பொறுப்பை வகித்தவர்களில் இதுவரை கடைசியானவர். 2021-இல் ஜோ பைடன் பதவியேற்பு விழாவில் தொடக்க இறைவேண்டல் நிகழ்த்தியவரும் இவரே.

முதல் பொதுநிலைத் தலைவர்

2001 ஜூலை 1 அன்று ஜான் டிஜோயா 48-ஆவது தலைவரானார். ஜார்ஜ்டவுனிலேயே பயின்று, அங்கேயே மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே பணியாற்றி உயர்ந்தவர், திருமணமானவர். அமெரிக்க இயேசு சபைப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதல் பொதுநிலைத் தலைவர் என்று அவர் குறிப்பிடப்படுகிறார். 23 ஆண்டுகளுக்கு மேல் நீடித்து, முன்னோர் அனைவரையும் விஞ்சினார். 2016-இல் இந்து மாணவர்களுக்கென முழுநேர ஆன்மிகப் பொறுப்பாளர் நியமிக்கப்பட்டதும் இவர் காலத்தில்தான்.

2015 நவம்பரில், மலெடி, மக்ஷெரி பெயர்களில் இருந்த கட்டடங்களுக்கு எதிராக மாணவர்கள் தலைவர் அலுவலக வாயிலில் அமர்ந்து போராடினர். பெயர்கள் நீக்கப்பட்டன. 2016-இல் டிஜோயா, விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களைச் சந்திக்க லூசியானா சென்றார். மாணவர் சேர்க்கையில், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குத் தரப்படும் அதே கவனம் அவர்களுக்கும் தரப்படும் என அறிவித்தார். 2017 ஏப்ரல் 18 அன்று பல்கலைக்கழகமும் இயேசு சபையும் முறைப்படி மன்னிப்புக் கோரின. ஒரு கட்டடத்துக்கு, 1838 விற்பனைப் பட்டியலில் முதல் பெயராக இருந்த ஐசக் ஹாக்கின்ஸின் பெயர் சூட்டப்பட்டது. மற்றொன்றுக்கு, அப்பகுதியில் கறுப்பினச் சிறுமியருக்குப் பள்ளி நடத்திய ஆன் மேரி பெக்ராஃப்டின் பெயர் சூட்டப்பட்டது.

மாணவர்களுக்கு அது போதுமானதாக இல்லை. வழித்தோன்றல்களின் நலனுக்காகப் பருவத்துக்கு 27.20 டாலர் கட்டணம் செலுத்த 2019-இல் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஆதரவளித்தனர். அத்தொகை 272 என்ற எண்ணிலிருந்து வந்தது. நிர்வாகம் அக்கட்டணத்தை ஏற்காமல், நன்கொடை மூலம் ஆண்டுக்கு 4,00,000 டாலர் திரட்டுவதாகக் கூறியது. கடனைத் தீர்க்கும் பொறுப்பு கொடையாக மாற்றப்பட்டது என்று மாணவர்கள் வைத்த விமர்சனத்தில் நியாயம் இல்லாமலில்லை. 2021-இல் இயேசு சபை, வழித்தோன்றல்களின் அமைப்புடன் இணைந்து 10 கோடி டாலர் திரட்ட உறுதியளித்தது.

டிஜோயாவுக்குப் பின்

2024 ஜூனில் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட டிஜோயா, அதே ஆண்டு நவம்பரில் பதவி விலகினார். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பின் முன்னாள் இயக்குநர் ராபர்ட் குரோவ்ஸ் இடைக்காலத் தலைவரானார். சியாட்டில் பல்கலைக்கழகத் தலைவர் எட்வார்டோ பெனால்வர் 49-ஆவது தலைவராக 2026 ஜூலை 1 முதல் பொறுப்பேற்பார் என 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. சட்டப் பேராசிரியரான அவரும் பொதுநிலையினரே. சியாட்டிலிலும் அவர்தான் முதல் பொதுநிலைத் தலைவர்.

1965-இல் உலகெங்கும் சுமார் 36,000 ஆக இருந்த இயேசு சபை உறுப்பினர் எண்ணிக்கை இன்று அதில் பாதிக்கும் குறைவு. நியூயார்க்கின் ஃபோர்டாம் பல்கலைக்கழகம் 2022-இல் டானியா டெட்லோவைத் தெரிவு செய்தபோது, முதல் பொதுநிலைத் தலைவரும் முதல் பெண் தலைவரும் ஒருவராகவே அமைந்தார். பாஸ்டன் கல்லூரியோ, 1996 முதல் தலைமை வகித்த வில்லியம் லேஹிக்கு அடுத்தும் ஓர் இயேசு சபைக் குருவையே தெரிவு செய்துள்ளது.