வதந்தியின் சமூக அடித்தளம்: மட்டக்களப்பு நோக்கில் ஒரு வரலாற்றுக் குறிப்பு

வதந்தியை அறியாமையின் விளைவெனக் கூறுவது அரையுண்மையே. சமூகத்தில் ஏலவே நிலவும் எந்த அச்சம் அதனை நம்பத் தூண்டிற்று என்பதே வரலாற்றாய்வாளனின் வினா. 1789இல் பிரெஞ்சுக் கிராமங்களைக் கவ்விய கொள்ளையர் பீதிக்குப் பஞ்சமும் பிரபுக்கள்மீதான ஐயமுமே அடித்தளம் என்பதை ஜோர்ஜ் லெபெவ்ர் 1932இல் வெளியிட்ட நூலில் நிறுவினார்.

1958ஆம் ஆண்டு வன்செயல் எமக்கு நெருங்கிய சான்றாகும். மட்டக்களப்பிற் கற்பித்த பாணந்துறை ஆசிரியை ஒருத்தி கொடூரமாகக் கொல்லப்பட்டாள் என்ற கதை பாணந்துறையிற் பரவியது; அங்கே கோயிற் பூசகர் ஒருவர் உயிருடன் எரிக்கப்பட்டார். அவ்வாறான ஆசிரியை எவரும் மட்டக்களப்பில் இருக்கவில்லை என்பதைத் தார்சி விட்டாச்சி தமது நூலிற் பதிவு செய்துள்ளார்.

அரசின் குரலும் விதிவிலக்கன்று. மே 26ஆந் திகதி வானொலியிற் பேசிய பிரதமர் பண்டாரநாயக்க, மட்டக்களப்பில் நிகழ்ந்த செனவிரத்னவின் கொலையைக் கலவரத்தோடு காரணமாகத் தொடர்புபடுத்தினார். அவர் கொல்லப்பட்டது மே 25இல். பொலன்னறுவைப் புகையிரத நிலையத் தாக்குதலோ மே 22இல். விளைவு காரணத்துக்கு முந்துவதில்லை. திகதிகளை வரிசைப்படுத்துவதே இங்கு பொய்யை அம்பலப்படுத்தப் போதுமானது.

அறுபது ஆண்டுகளின் பின், 2018 பெப்ரவரியில், அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் கறியில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாகக் காணொளியொன்று கைத்தொலைபேசிகளிற் பரவியது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது, அடுத்த மாதம் கண்டி மாவட்டம் எரிந்தது. கறியில் இருந்தது மாவுக்கட்டி என்பதை அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் காட்டியது. அரசு சமூக ஊடகங்களைத் தற்காலிகமாக முடக்கியது. முகநூல் நிறுவனம் 2020இலேயே மன்னிப்புக் கோரியது. பகிர்வு பெருகப் பெருக இலாபம் பெருகும் அமைப்பில், அச்சமும் விற்பனைப் பண்டமாகிறது.

இதனை ஆரையம்பதியில் இருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. காத்தான்குடி எமது அடுத்த ஊர். 1990இல் அங்குள்ள பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். தமிழ் ஊர்களும் அக்காலத்திற் குருதி சிந்தின. அந்நினைவுகள் மெய்யானவை. மெய்யான துயரத்தின் மீதே பொய் எளிதில் வேரூன்றுகிறது. ஆதலால் எம்மிடையே பரவும் கதைகளையும் அதே கண்டிப்புடன் நோக்குதல் எமது கடன்: நேரிற் கண்டவர் யார்? நிகழ்ந்தது எப்போது? இதனை நம்புவதால் நன்மை பெறுவோர் யாவர்?

எனினும், தனிமனித விழிப்பு மட்டும் போதாது. ஒரே வாவியில் வலைவீசும் உழைப்பாளர் ஒருவரையொருவர் விசாரித்தறியும் உறவும் அமைப்பும் கொண்டிருப்பின், வதந்தி வாசலிலேயே தடுக்கப்படும். அவ்வுறவைக் கட்டியெழுப்புவதே இன்று முதன்மையான பணி.