சந்திப்பு விளக்கு யாரை அறிகிறது?

போக்குவரத்து விளக்கு, வரும் வாகனத்தை எவ்வாறு அறிகிறது என்பது பொறியியல் கேள்வியாகவே பெரும்பாலும் அணுகப்படுகிறது. சாலையில் எவருடைய வருகை கணக்கில் கொள்ளப்படுகிறது என்ற கேள்வியும் அதன் வரலாற்றில் அடங்கியுள்ளது.

தொடக்ககாலத் தானியங்கி மின்விளக்குகள் கடிகாரத்திற்குக் கட்டுப்பட்டவை. சாலை வெறுமையாக இருப்பினும் குறித்த நொடிகள் கழிந்த பின்னரே நிறம் மாறும். 1928இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் சார்லஸ் ஆட்லர் அமைத்த விளக்கு இந்நிலையை மாற்றியது. குறுக்குச் சாலையில் வந்து நின்றவர் ஹாரன் அடித்ததும், ஒலிவாங்கி அதனை உணர்ந்து விளக்கை மாற்றியது. 1932இல் லண்டன் கார்ன்ஹில் சந்திப்பில் சக்கரத்தின் அழுத்தமே செய்தியாயிற்று. பின்னர், சாலைக்கடியில் புதைக்கப்பட்ட கம்பிச்சுருள், மேலே வந்த உலோகத்தால் தன் மின்காந்தப் பண்பு மாறுவதைக் கொண்டு வாகனத்தை அறிந்தது.

கருவிகள் மாறினும் அடிப்படை விதி ஒன்றே. ஒவ்வொரு வாகனமும் பச்சையைச் சில நொடிகள் நீட்டிக்கும். வாகனங்களுக்கிடையே போதிய இடைவெளி ஏற்பட்டால் பச்சை முடியும். இல்லையேல் உச்சவரம்பு வரை தொடரும். இவ்விதி, வாகனங்கள் தடம் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் சாலையை முன்கருதியது. இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களும் கிடைத்த இடமெல்லாம் நிரம்பும் இந்தியச் சாலையில் அந்த இடைவெளி அரிது. எனவே நெரிசல் வேளையில் பச்சை ஒவ்வொரு முறையும் உச்சவரம்பைத் தொட, உணரும் விளக்கும் பழைய கடிகார விளக்காகிவிடுகிறது. திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் நிறுவனம் இத்தகைய கலப்புப் போக்குவரத்துக்கெனவே ‘கோசிகாஸ்ட்’ என்னும் கட்டுப்பாட்டு முறையை உருவாக்கியதன் பின்னணி இதுவே.

கொச்சியில் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தின்கீழ் கெல்ட்ரான் நிறுவனம் வாகனம் உணரும் விளக்குகளை அமைத்தது. பாதசாரிகள் பொத்தானை அழுத்திக் கடக்கும் பெலிகன் விளக்குகளும் அத்திட்டத்தில் இடம்பெற்றன. இவ்விரண்டுக்குமிடையே ஒரு வேற்றுமை உண்டு: வாகனத்தின் வருகையைக் கருவி தானே அறிகிறது, நடந்து வருபவரோ தம் வருகையை அறிவித்துக் காத்திருக்க வேண்டும். பாதசாரிக்கான பொத்தானை 1929இல் அறிமுகப்படுத்தியவரும் அதே ஆட்லர்தான். வாகன ஓட்டி ஹாரனால் தம் வருகையை அறிவிக்க வேண்டிய நிலை விரைவில் மறைந்தது. பாதசாரியின் பொத்தான் இன்றும் நீடிக்கிறது.

மட்டாஞ்சேரி, சுள்ளிக்கல் போன்ற பழைய, நெருக்கமான குடியிருப்புகளில் இவ்வேற்றுமை சிறியதன்று. பள்ளிக்கும் சந்தைக்கும் நடந்து செல்வோரின் காத்திருப்பு எந்த உணரியிலும் பதிவாவதில்லை. உணரி திரட்டும் எண்களே சாலைத் திட்டமிடலுக்கு அடிப்படையாகும்போது, பதிவாகாத காத்திருப்பு இல்லாத காத்திருப்பாகவே கருதப்படும். நகர வரலாற்றாய்வு இத்தரவுகளைக் கையாளும்போது, அவற்றில் எவர் விடுபட்டனர் என்பதையும் ஆராய வேண்டும்.