பெருங்குடல் புற்றுநோய்: ஏழைகள் பரிசோதனைக்கு வர எது தடை?

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரில் வளரும் 'பாலிப்' என்ற சிறு சதைக்கட்டியிலிருந்தே பல ஆண்டுகளில் உருவாகிறது. முன்கூட்டியே கண்டு அகற்றினால் நோயையே தடுக்கலாம்.

சான் பிரான்சிஸ்கோவில் அரசு மருத்துவ சேவையை நாடிய, பல இனங்களைச் சேர்ந்த 997 பேரிடம் நடந்த ஆய்வு 2012-இல் வெளியானது. கொலோனோஸ்கோப்பி மட்டும் பரிந்துரைக்கப்பட்டோரில் 38 சதவீதத்தினரே ஓராண்டுக்குள் பரிசோதனையை முடித்தனர். மலப் பரிசோதனை மட்டும் பரிந்துரைக்கப்பட்டோரில் 67 சதவீதம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது 69 சதவீதம்.

காரணம் எளிது. கொலோனோஸ்கோப்பிக்கு முன்பு பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டும். மயக்க மருந்து கொடுப்பதால் வீட்டுக்கு அழைத்துச் செல்லத் துணைக்கு ஓர் ஆளும் வேண்டும். அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவருக்கு இது பெரும் சுமை. மலமாதிரியையோ வீட்டிலேயே எடுத்துக் கொடுத்துவிடலாம்.

ஆனால் மலப் பரிசோதனையை ஆண்டுதோறும் செய்ய வேண்டும். அதை மட்டும் பரிந்துரைக்கப்பட்டோரில் மூன்றாண்டுகள் விடாமல் செய்தவர்கள் 14 சதவீதமே. மலத்தில் இரத்தம் தென்பட்டால் கொலோனோஸ்கோப்பி செய்தே ஆக வேண்டும். இல்லையேல் முதல் பரிசோதனையால் பயனில்லை.

ஆகவே, ஏழைகளின் அலட்சியம் என்று குறை சொல்வதை விட்டுவிட்டு, அவர்களால் இயன்ற பரிசோதனையைத் தேர்ந்தெடுக்க விடுவதும், ஆண்டுதோறும் மறவாமல் நினைவூட்டுவதுமே உயிர் காக்கும் வழி.