போர்க்களத்தின் செவிலித்தாய்: மேரி ஆன் பிக்கர்டைக்

பழந்தமிழ் அகப்பாடல்களில் தலைவிக்குத் தாயர் இருவர். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. அந்தச் செவிலி என்னும் சொல்லையே நோயாளரைப் பேணுபவர்க்கும் நாம் சூட்டியிருக்கிறோம். இவ்விரு பொருளுக்கும் ஒருசேர உரியவராக வாழ்ந்த ஓர் அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி இங்கே காண்போம். இரு மகன்களுக்கு நற்றாய். பல்லாயிரம் படைவீரர்க்குச் செவிலித்தாய். அவர் பெயர் மேரி ஆன் பிக்கர்டைக்.

1817ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலத்தில் பிறந்த மேரி ஆன், 1847இல் ராபர்ட் பிக்கர்டைக் என்பவரை மணந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் குடும்பம் இல்லினாய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க் நகரில் குடியேறியது. 1859இல் கணவர் இறந்தார். இரு சிறு மகன்களுடன் தனித்து நின்ற அவர், தாம் கற்றிருந்த மூலிகை மருத்துவத்தைக் கொண்டு பிழைப்பை நடத்தினார்.

கேல்ஸ்பர்க்கில் அவர் சேர்ந்திருந்தது கான்கிரிகேஷனல் திருச்சபை. பேராயர்களின் ஆட்சிக்கு உட்படாமல், சபை மக்களே ஒன்றுகூடித் தம் காரியங்களை முடிவு செய்துகொள்ளும் மரபுடையது அது. மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிமாரில் பலர் இம்மரபைச் சேர்ந்தவர்களே. கேல்ஸ்பர்க் சபையின் போதகர் எட்வர்ட் பீச்சர், அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்தவர். 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலை எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் தமையனார்.

1861 ஏப்ரலில் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. சில வாரங்களில் பீச்சர் ஆராதனை வேளையில் ஒரு கடிதத்தைச் சபையார்முன் படித்தார். எழுதியவர் அவ்வூரிலிருந்து படைக்குச் சென்றிருந்த மருத்துவர் பெஞ்சமின் உட்வர்ட். ஒஹையோ ஆறும் மிசிசிப்பி ஆறும் கூடும் கெய்ரோ நகரில், இன்னும் ஒரு குண்டும் சுடாத இளைஞர்கள் வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் அழுக்குக் கூடாரங்களில் மடிந்துகொண்டிருந்தனர் என்பது அதன் சாரம். சபையார் அப்போதே ஐந்நூறு டாலர் பெறுமானமுள்ள பொருள்களைத் திரட்டினர். அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை மேரி ஆனிடம் ஒப்படைத்தனர். பிள்ளைகளை ஊராரின் பாதுகாப்பில் விட்டு அவர் ஜூன் மாதம் புறப்பட்டார். ஒப்படைத்துவிட்டுத் திரும்புவதே ஏற்பாடு. அவர் திரும்பவில்லை.

கெய்ரோவில் அவர் செய்த முதல் வேலை மருத்துவம் அன்று, துப்புரவு. நோயாளிகளைக் குளிப்பாட்டச் செய்தார், கூடாரங்களைக் கூட்டிக் கழுவச் செய்தார், மாற்று உடை கொடுத்தார், உண்ணத் தகுந்த உணவைச் சமைத்தார். இவை எளிய வேலைகள் எனத் தோன்றலாம். நோய்க்கிருமி பற்றிய அறிவு மருத்துவ உலகில் நிலைபெறாத காலம் அது என்பதை நாம் மறந்துவிடலாகாது. அறுவைப் புண்ணைக் கிருமிநாசினியால் காக்கும் முறையை லிஸ்டர் வெளியிட்டதே 1867இல்தான். அப்போரில் வடபடையில் மாண்டவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இருவரைக் கொன்றது துப்பாக்கி அன்று, நோயே. ஆகவே ஒரு குடும்பத் தலைவியின் வாளியும் சோப்பும் அன்று எத்தனை உயிரைக் காத்திருக்கும் என்பதை நாமே உய்த்துணரலாம்.

1862 பிப்ரவரியில் டோனல்சன் கோட்டைப் போர் முடிந்த இரவு, களத்தில் ஒரு விளக்கு அங்குமிங்கும் அசைவதை அதிகாரி ஒருவர் கண்டாராம். பிணங்களுக்கிடையே உயிருள்ளவர் எவரேனும் விடுபட்டிருப்பாரோ என்று மேரி ஆன் குனிந்து குனிந்து தேடிக்கொண்டிருந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் ஷைலோ. இரண்டே நாள் போரில் இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோரும் இரு தரப்பிலும் சேர்ந்து சுமார் 23,000 பேர். பின்னர் விக்ஸ்பர்க், சட்டனூகா, அட்லாண்டா எனப் பத்தொன்பது போர்க்களங்களில் அவர் பணியாற்றியதாகக் கணக்கிடுவர்.

இரத்தம் தோய்ந்த துணிகளை எரித்துவிடுவதே அந்நாளைய வழக்கம். அவரோ அவற்றைத் துவைத்து மீண்டும் பயன்படுத்த ஏற்பாடு செய்தார். அவருடைய சலவைக் கூடங்களில் உழைத்தவர்களுள் பலர், அடிமைத் தளையிலிருந்து தப்பி வடபடையிடம் தஞ்சம் புகுந்த கறுப்பின மக்கள். அன்னை பிக்கர்டைக்கின் புகழில் அவர்களுக்கும் பங்குண்டு; அவர்களுடைய பெயர்களை அந்நாளைய நூல்கள் நமக்குச் சொல்வதில்லை.

மெம்ஃபிஸ் நகர மருத்துவமனைகளுக்குப் பாலும் முட்டையும் போதவில்லை என்று கண்டதும் வடக்கே சென்று, உழவர்களிடம் கேட்டுப் பெற்று, நூறு பசுக்களையும் ஆயிரம் கோழிகளையும் கொண்டுவரச் செய்தார் என மேரி லிவர்மோர் எழுதுகிறார். லிவர்மோர் அந்நாளில் வடமேற்குச் சுகாதார ஆணையத்தில் பணியாற்றியவர். மேரி ஆனும் அவ்வாணையத்தின் களப் பிரதிநிதியாகவே இயங்கினார். ஆயினும் லிவர்மோரின் நூல் வெளிவந்தது 1887இல், போர் முடிந்து இருபது ஆண்டுகள் கழிந்தபின். வியந்து போற்றுவோர் சொல்லும் எண்ணிக்கையைச் சற்றே நிதானத்துடன் ஏற்பது நலம்.

அவருக்குப் படையில் பதவி எதுவும் இல்லை. ஆயினும் குடித்துவிட்டுக் கடமையில் தவறிய மருத்துவர் ஒருவரைப் பணிநீக்கம் செய்ய வைத்தார். அம்மருத்துவர் தளபதி ஷெர்மனிடம் முறையிட, குற்றம் சாட்டியவர் யாரெனக் கேட்டறிந்த ஷெர்மன், அந்த அம்மையார் தம்மினும் மேலான பதவியில் இருப்பவர் என்று கூறிக் கைவிரித்தார் என்பது புகழ்பெற்ற செய்தி. அதிகாரம் தமக்கு இறைவனிடமிருந்து வந்தது என்பது மேரி ஆனின் உறுதியான நம்பிக்கை. 1865 மே மாதம் வாஷிங்டனில் நடந்த வெற்றி அணிவகுப்பில், சாதாரணப் பருத்தி உடையுடன் குதிரைமீது அவரும் சென்றார். வீரர்களுக்கு அவர் 'அன்னை'.

இந்த நான்கு ஆண்டுகளும் அவருடைய மகன்கள் ஜேம்ஸும் ஹைரமும் பிறர் வீடுகளிலேயே வளர்ந்தனர் என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். ஊரார் பிள்ளைகளுக்குத் தாயானவர், தம் பிள்ளைகளுக்குக் கடிதம் வழியாகவே தாயாக இருந்தார். இதைத் தியாகம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது நமக்கு எளிது. அத்தியாகத்தின் விலையில் ஒரு பகுதியைச் செலுத்தியவர்கள் தந்தையை இழந்த அவ்விரு சிறுவர்கள். அவர்களை எவரும் கேட்டுச் செய்ததில்லை. போற்றுரைகள் இதைக் கடந்து போய்விடுகின்றன. வரலாறு கடந்து போகலாகாது.

போருக்குப் பின்னும் அவர் ஓயவில்லை. படைவீரர்கள் கான்சாஸ் மாநிலத்தில் நிலம் பெற்றுக் குடியேற உதவினார். 1874இல் வெட்டுக்கிளிகள் அங்கே பயிரை அழித்தபோது நிவாரணம் திரட்டினார். வீரர்களுக்கு ஓய்வூதியம் கிடைக்க ஓயாது மனுச் செய்தார். அவருக்கே ஓய்வூதியம் கிடைத்தது 1886இல்தான். மாதம் 25 டாலர்.

முதுமையில் அவர் தங்கியிருந்தது கான்சாஸின் பங்கர் ஹில் ஊரில், மகன் ஜேம்ஸுடன். 1901 நவம்பர் 8 அன்று அங்கே காலமானார். கேல்ஸ்பர்க்கில் கணவரின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டார். 1906இல் அந்நகரில் அவருக்குச் சிலை எழுப்பினர். காயமுற்ற வீரன் ஒருவனைத் தாங்கி, அவன் உதட்டருகே கோப்பையைப் பிடித்திருக்கும் உருவம் அது.

ஒரு சிற்றூர்ச் சபை ஐந்நூறு டாலர் பொருளைத்தான் அனுப்ப நினைத்தது. அத்துடன் ஒரு மனிதரையும் அனுப்பியது என்பதை அது பின்னரே அறிந்திருக்கும். மற்றக் கணக்கெல்லாம் நூல்களில் இருக்கிறது. பெற்ற பிள்ளைகள் கொடுத்த பங்கையும் அதனோடு சேர்த்து எழுதினால்தான் மேரி ஆன் பிக்கர்டைக்கின் வரலாறு நிறைவுபெறும்.