வலைச்செயற்றிட்டங்களின் வடிவமும் நிறுவும் முறையும்: முசலியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

வலைவழிச் செயற்றிட்டமொன்றைத் தொடங்குவோர் முதலில் இரு வினாக்களுக்கு விடை காண வேண்டியவராகின்றனர். திட்டம் எவ்வகைப்பட்டது? அது எங்கு, எவ்வாறு நிறுவப்படுவது? இவை பொறியியல் சார்ந்த வினாக்களென்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. ஆயின் உழைப்பு யாருடையது, உடைமை யாருடையது என்னும் வினாக்களும் இவற்றுள் அடங்கியுள்ளன. தமிழ் ஆவணத் திட்டங்களின் வரலாற்றை முசலியில் நின்று நோக்கும்போது இவ்வுண்மை தெளிவாகப் புலனாகும்.

முசலிக்கு இவ்வினா புதியதன்று. பிரித்தானிய ஆட்சியின் தொடக்கத்தில் அரிப்பு, சிலாவத்துறைக் கடலின் முத்துச்சலாபம் குத்தகைக்கு விடப்பட்டது. பிற்காலத்தில் அரசு தானே அதனை நடத்திச் சிப்பியில் மூன்றில் இரு பங்கை எடுத்துக்கொண்டது. எஞ்சிய ஒரு பங்கே படகினருக்கும் மூழ்குவோருக்கும் உரியதாயிற்று. 1905 இல் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. 1906 இல் சலாபம் இருபதாண்டுக் குத்தகையாகக் கம்பனியொன்றிடம் கையளிக்கப்பட்டது. குத்தகைக் காலம் முடியுமுன்னரே அக்கம்பனி கலைந்தது. கடலும் மூழ்குவோனின் மூச்சும் அவையாகவே இருந்தன. முயற்சியின் வடிவம் மாறிய ஒவ்வொரு முறையும் பங்கீடும் மாறிற்று.

இனி வலையின் வரலாற்றை நோக்குவோம். ஜெனீவாவில் உள்ள சேர்ண் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்ணேர்ஸ்-லீ உருவாக்கிய உலகளாவிய வலை, 1993 ஏப்ரலில் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய பொதுவுடைமையாக அறிவிக்கப்பட்டது. தொடக்ககாலப் பக்கங்கள் ஆக்கி வைக்கப்பட்ட கோப்புகளே. கேட்டவருக்கு வழங்கி எனப்படும் கணினி அவற்றை உள்ளவாறே அனுப்பும். பின்னர், கேட்கும் கணத்தில் நிரலொன்று தரவுத்தளத்திலிருந்து பக்கத்தை ஆக்கித் தரும் முறை வளர்ந்தது. முன்னையது நிலையான வகை. பின்னையது இயங்கு வகை. நிலையான வகையைப் பேணுதல் எளிது. இறுவட்டில் படியெடுத்து இணைய இணைப்பின்றியும் படிக்கலாம். இயங்கு வகையில் தேடலாம். பலர் ஒருங்கே எழுதலாம், திருத்தலாம். ஆனால் நிரலும் தரவுத்தளமும் இடையறாத பராமரிப்பை வேண்டுவன. பயிற்சி பெற்ற உழைப்பு நீங்கின் தளமும் நின்றுவிடும்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் முதல் வகையைச் சார்ந்தது. தன்னார்வலர் தட்டச்சிட்ட நூல்கள் கோப்புகளாக வைக்கப்பட்டன. தஸ்கி எழுத்துமுறையிலிருந்து யுனிகோட்டுக்கு மாறவேண்டி வந்தபோது அக்கோப்புகளை மாற்றியமைக்க முடிந்தது. 2005 இல் தோன்றிய நூலகம் திட்டமோ மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளைக் கைக்கொண்டது. பல நாடுகளில் சிதறியிருந்தோர் ஒரே நூற்பட்டியலை ஒருங்கே வளர்ப்பதற்கு அவ்வடிவம் பொருந்திற்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தழிந்த இழப்பு இம்முயற்சியின் பின்புலமாகும். இவ்விரண்டனுள் எது உயர்ந்தது என வினவுதல் பொருத்தமன்று. தத்தம் உழைப்பு ஒழுங்கமைப்புக்கு ஏற்ற வடிவையே இரண்டும் பெற்றன.

நிறுவும் முறையும் இவ்வாறே ஆராயத்தக்கது. இலவச இடம், வாடகை வழங்கி, சொந்தக் கணினி என அது மூவகைப்படும். இலவச இடத்தின் இயல்பை ஜியோசிற்றிஸ் காட்டிற்று. எண்ணற்றோர் பக்கம் அமைத்திருந்த அத்தளத்தை யாகூ நிறுவனம் 2009 ஒக்ரோபரில் மூடியது. வாடகை வழங்கி வாடகை உள்ளவரையே நிலைக்கும். இன்று ‘மேகம்’ என்பதும் பிறருடைய கட்டடத்தில் இயங்கும் பிறருடைய கணினியே. சொந்தக் கணினியோ மின்சாரத்தையும் திருத்துநரையும் வேண்டி நிற்கும். உப்புக்காற்று வீசும் கரையில் இது சிறிய சுமையன்று.

இத்தெரிவுகள் முசலியில் ஏன் முதன்மை பெறுகின்றன? 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முசலி மக்களுட் பலர் புத்தளத்தில் ஏதிலிகளாயினர். 2009 இன் பின் அவர்கள் மீளத் தொடங்கியபோது ஊர்களைக் காடு மூடியிருந்தது. 2012 இல் வெளியான வர்த்தமானி அறிவித்தல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிக் காணிகளை ஒதுக்கக் காடாக்கியது. காணிப் பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. அரசின் பக்கம் வர்த்தமானியும் வரைபடமும் இருந்தன. மக்களின் பக்கம் இருந்தவை பெட்டிகளில் எஞ்சிய உறுதிகளும், பாடசாலை, பள்ளிவாசல் பதிவேடுகளும், முதியோரின் நினைவுமே. ஒரே படியாக இருந்த ஆவணம் ஒருமுறை தொலைந்தால் உரிமையின் சான்றும் தொலைந்தது.

ஆதலின் முசலிக்கான ஆவணத் திட்டமொன்றின் அடித்தளம் நிலையான கோப்புகளாகவே அமைதல் வேண்டும். தேடும் நிரலை அதன்மேல் அமைக்கலாம். நிரல் பழுதுறினும் ஆவணம் எஞ்சும். ஒரு படி ஊரிலும், ஒரு படி புத்தளத்திலும், ஒரு படி வெளிநாட்டு வாடகை வழங்கியிலும் இருத்தல் நன்று. தளத்தின் பெயர்ப்பதிவு தனியாளிடமன்றிப் பொது அமைப்பிடம் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் பொதுவில் இடலாகாது என்னும் மறுப்பு நியாயமானதே. காணி உறுதிகள் உரியோரின் இசைவுடன் தனியே பேணப்படுக.

சலாபக் காலத்தில் மூழ்குவோனைக் கேட்டு எவரும் வடிவத்தைத் தீர்மானிக்கவில்லை. இன்று வடிவத்தைத் தெரியும் வாய்ப்பு ஆவணத்துக்குரிய மக்களின் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ளது. தொழில்நுட்ப அறிவு அவர்களைச் சென்றடையும்போதே அவ்வாய்ப்பு உரிமையாகும். அவ்வறிவை அங்கு கொண்டுசெல்வது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் கடமையாகும்.