காவிரிப் படுகையில் ஆனைக்கொம்பன்: ஒரு நெற்பூச்சியின் வரலாறு

தஞ்சை வளநாட்டின் நெல் வரலாறு பெரும்பாலும் அணைகளையும் வாய்க்கால்களையும், நிலவுடைமையையும் கூலியையும், விளைச்சலையும் விலையையும் கொண்டே எழுதப்பட்டுள்ளது; அந்த வரலாறு திரும்பிய இடங்களிலெல்லாம் வயலுக்குள் தாமும் திரும்பிய பூச்சிகளுக்கு அதில் கிடைத்த இடம் மிகக் குறைவு. அவற்றுள், ஆற்றில் நீர் வரும் நாளோடு மிக நெருக்கமாகப் பிணைந்த பூச்சி ஆனைக்கொம்பன் ஈ ஆகும். பார்வைக்குக் கொசுவை ஒத்த, செம்மஞ்சள் நிறமுடைய இந்தச் சிற்றுயிர், நெற்பயிரின் குருத்துக்குள் புழுவாக வாழ்ந்து, கதிர் ஈனவேண்டிய தூரை வெளிறிய, உள்ளீடற்ற குழலாக மாற்றிவிடுகிறது. தந்தத்தின் நிறமும் நீட்சியும் கொண்ட அந்தக் குழலே ஈக்குப் பெயர் தந்தது.

ஒரு பூச்சி, செடியின் வளரும் திசுவைத் தன் தேவைக்கேற்ப வளரச்செய்து, அதற்குள்ளேயே உணவும் உறைவிடமும் பெறும்போது தோன்றும் புடைப்பைக் கழலை என்று குறிப்பிடலாம். தமிழ் வீடுகளுக்குக் கழலைகள் புதியவை அல்ல. கைக்குழந்தைக்கு உரைமருந்து இழைக்கும்போது வசம்போடும் சாதிக்காயோடும் சேரும் மாசிக்காய் உண்மையில் காயே அன்று. மேற்கு ஆசியாவின் ஓக் மரக்கிளைகளில் ஒரு சிறு குளவியின் முட்டையைச் சுற்றி மரம் வளர்க்கும் கழலை அது. நாட்டுமருந்துக் கடைகளில் விற்கப்படும் கடுக்காய்ப்பூவும் பூவன்று, கடுக்காய் மரத்தின் இலையில் பூச்சியால் உண்டாகும் புடைப்பே. கற்கடகசிங்கியோ இமயமலைப் பகுதி மரங்களில் அசுவினிகள் உருவாக்கும் கழலையாகும். இக்கலையின் உச்சத்தை ஆஸ்திரேலியாவின் தைலமரங்களில் வாழும் ஏபியோமார்ஃபா என்ற செதில்பூச்சிப் பேரினத்தில் காணலாம்: பெண்பூச்சி கடினமான கழலைக்குள் வாழ்நாள் முழுவதும் அடைபட்டு, அதன் நுனியிலுள்ள சிறு துளை வழியாகவே வெளியுலகோடு தொடர்பு கொள்கிறது, ஆண்பூச்சிக்கோ அதே மரம் முற்றிலும் வேறு வடிவிலான சிறிய கழலையை அமைத்துத் தருகிறது. இத்தகைய புடைப்புகளால் மரம் பொதுவாக மடிவதில்லை. நெல்லின் நிலை வேறு. ஆனைக்கொம்பன் பற்றுவது கதிர் உருவாகவேண்டிய வளர்நுனியையே ஆதலால், கழலை தோன்றிய தூரில் கதிருக்கு இடமே இல்லை.

இரவில் நடமாடி, விளக்கொளிக்கு ஈர்க்கப்பட்டு, சில நாட்களே உயிர்வாழும் பெண் ஈ, நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இலையின் அடிப்பகுதியை ஒட்டி இடுகிறது. மூன்று நான்கு நாட்களில் வெளிப்படும் புழு, இலையுறைக்கும் தண்டுக்கும் இடையே ஊர்ந்து குருத்தின் அடிக்குச் செல்லவேண்டும். அந்தப் பயணத்துக்குப் பயிரின் மேற்பரப்பில் ஈரம் படிந்திருப்பது இன்றியமையாதது. வெயிலும் காற்றும் இலையை உலர்த்திவிட்டால் புழு வழியிலேயே மடியும். வளர்நுனியை அடைந்த புழுவின் உமிழ்நீர், இலையுறையை அதைச் சூழ்ந்து குழலாக வளரச்செய்கிறது. கூட்டுப்புழுப் பருவத்தில் அது தன் உடலிலுள்ள முட்களால் உந்தி உந்திக் குழலின் மேற்பகுதிக்கு ஏறி, துளையிட்டுப் பாதி வெளியே நீட்டி நிற்க, இரவில் ஈ பறந்துசெல்கிறது. துளையில் சிக்கிய வெற்றுத்தோல் மட்டும் எஞ்சுகிறது. முட்டையிலிருந்து ஈ வரை ஏறத்தாழ மூன்று வாரங்களே. நெற்பயிர் இதற்கு இடமளிப்பதோ நாற்றுப் பருவத்திலிருந்து கதிர் உருவாகத் தொடங்கும் வரை மட்டுமே. அந்தக் கட்டத்தைத் தாண்டிய பயிரில் ஈக்கு வேலையில்லை. ஆகவே, எந்தப் பயிர் எந்த மாதத்தில் தூர்கட்டுகிறது என்பதே பூச்சியின் வாழ்வையும் தாழ்வையும் முடிவுசெய்கிறது.

அறிவியல் ஏடுகளில் இந்த ஈ இடம்பெற்றது பீகார் வழியாக. 1880ஆம் ஆண்டளவில் முங்கேர்ப் பகுதி நெல்வயல்களில் அதன் சேதம் பதிவாயிற்று. கல்கத்தாவிலிருந்த இந்திய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் உட்-மேசன் 1889இல் அதற்கு அறிவியல் பெயரிட்டார். பின்னர் பேரினப் பெயர் மாறி, இன்று அது ஒர்சியோலியா ஒரைசே என்று வழங்குகிறது. சென்னை மாகாணத்தில் கோயம்புத்தூரை மையமாகக் கொண்டு வளர்ந்த வேளாண் பூச்சியியல், டி. பெயின்பிரிக் ஃபிளெட்சர் 1914இலும் டி.வி. இராமகிருஷ்ண ஐயர் 1940இலும் வெளியிட்ட நூல்களால் ஒழுங்கான துறையாயிற்று.

ஆனால் கழலைகளைப் பற்றிய அறிவை இந்தியாவில் ஒரு தனி இயலாகவே நிறுவிய பெருமை, தஞ்சாவூரில் 1908இல் பிறந்த மகாதேவ சுப்பிரமணிய மணியைச் சாரும். 1930களிலேயே, ஆனைக்கொம்பன் அடங்கிய கழலை ஈக் குடும்பத்தின் இந்திய இனங்களை வரிசையாக விவரித்து எழுதத் தொடங்கிய அவர், பிற்காலத்தில் ஆக்ராவின் புனித ஜான் கல்லூரியில் பூச்சியியல் கல்வியை வளர்த்து, இமயத்தின் உயர்மலைப் பூச்சிகளைத் தேடும் பயணங்களை நடத்தினார். தாவரக் கழலைகளின் சூழலியல் குறித்து 1964இல் வெளியான அவரது நூல் உலக அளவில் அத்துறையினர் நாடும் நூலாயிற்று. இந்தியக் கழலைகளின் தொகுப்பு 1973இல் வந்தது. உழவர் கண்ணுக்குக் கேடாக மட்டுமே தென்பட்டதை, செடியும் பூச்சியும் சேர்ந்து கட்டும் ஓர் உறுப்பாகக் காணும் பார்வையை இந்நூல்கள் வலியுறுத்தின. நெல்லையே வாழ்வாகக் கொண்ட ஒரு மண்ணில் பிறந்தவர், நெல்லைக் கெடுக்கும் ஈயின் உறவுக்குலம் முழுவதையும் பெயர்சொல்லி அறிந்திருந்தார் என்பது தஞ்சை தன் அறிஞர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளவேண்டிய செய்தியாகும்.

இனி, படுகையின் பருவ ஒழுங்குக்கு வரலாம். இங்கே தென்மேற்குப் பருவமழை நேரடியாகத் தருவது சிறிதே. அது குடகிலும் வயநாட்டிலும் பெய்து ஆறாக வருகிறது. உள்ளூர் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் நடப்படும் குறுவை, வெயிலும் காற்றும் மிக்க நாட்களில் தூர்கட்டுவதால் ஆனைக்கொம்பனுக்கு எளிதில் வயப்படுவதில்லை. காலத்தே நடப்பட்ட சம்பா, அடைமழை தொடங்குமுன் பெரும்பாலான தூர்களை வெளியிட்டு விடுகிறது. குறுவை அறுத்த தாளின் மேல் உழுது நடப்படும் தாளடியும், காலம் தாழ்ந்த சம்பாவுமே மூடாப்பும் தூறலும் நீங்காத வாரங்களில் இளந்தூர்களோடு நிற்கின்றன. தை, மாசியில் அறுவடை முடிந்தபின், ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் விளைந்து, நிலம் வெடித்துக் கிடக்கும் கோடையில் ஈக்கு நெல் கிடைப்பதில்லை. வாய்க்கால் ஓரத்துக் காட்டு நெல்லிலும் தானே முளைத்த நெற்செடிகளிலும் அது ஒதுங்கி உயிர்காக்கிறது. படுகையின் நெடிய கோடைத் தரிசு, மருந்து எதுவும் இல்லாத காலத்தில் இந்தப் பூச்சிக்கு இடப்பட்ட உறுதியான தடையாக இருந்தது எனக் கருதலாம்.

இந்த ஒழுங்கை மாற்றியவை இரண்டு. முதலாவது 1934இல் முடிவடைந்த மேட்டூர் அணை. அது ஜூன் 12ஆம் நாள் நீர்திறப்பு என்ற மரபை உண்டாக்கி, ஆற்றின் வரவை எதிர்பார்த்து நின்ற குறுவைக்கு உறுதியளித்ததோடு, கல்லணைக் கால்வாய் வழியாகச் சுமார் 3 லட்சம் ஏக்கர் புதிய பாசனத்தையும் சேர்த்தது. இரண்டாவது, 1960இல் தஞ்சை மாவட்டத்தில் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டம். 1922இல் நிறுவப்பட்ட ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1965இல் வெளியிட்ட ஏடிடீ 27 என்ற குறுகிய கால நெல், சில ஆண்டுகளிலேயே குறுவை நிலங்களில் பரவ, அதன்பின் தாளடி இடும் பரப்பும் விரிந்தது. இரண்டு போகம் என்பது உழவர் வீட்டுக்குக் கூடுதல் நெல். ஈக்கோ, மழைக்காலத்தின் நடுவே தழைச்சத்து உண்டு செழித்த இளந்தூர்களின் புதிய வரவு. குறுவைத் தாளில் கிளைத்த மறுதாம்பும் அருகிலுள்ள தாளடி நாற்றங்காலும் ஒரே காலத்தில் பசுமையாக இருப்பது, பழைய ஒருபோக முறையில் இல்லாத பாலமாகும். பசுமைப் புரட்சியைக் குறைகூறுவது இங்கே நோக்கமன்று. பசித்த காலத்தில் அந்த நெல் செய்த நன்மை பெரிது. ஆனால் அதன் கணக்கில் இந்த வரவையும் எழுதவேண்டும்.

நீர் தாழ்ந்து வந்த ஆண்டுகள் இதே உண்மையை மறுபக்கத்திலிருந்து காட்டுகின்றன. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை உரிய நாளில் திறக்கப்படவில்லை. 2016இல் செப்டம்பர் 20ஆம் நாளும், 2017இல் அக்டோபர் 2ஆம் நாளுமே நீர் விடப்பட்டது. ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் குறுவையை ஓரளவு காத்துக்கொள்ள, மற்றவர்கள் சம்பாவையே தாமதமாகத் தொடங்கினர். திறந்த நீர், மடை மடையாகக் கடந்து கடைமடைப் பகுதிகளுக்குச் சேர மேலும் நாட்கள் ஆகும் என்பதால், அங்கே நடவு பின்னும் தள்ளிப்போகிறது. 2016இல் வடகிழக்கு மழையே பொய்த்து, பயிர் நீரின்றிக் கருகியது. அத்தகைய ஆண்டில் ஆனைக்கொம்பனைப் பற்றிப் பேச இடமில்லை. மழை வந்த ஆண்டுகளிலோ, பிந்திய நடவின் இளம் பயிரும் கார்த்திகை ஈரமும் சந்திக்கும் இடத்தில் பூச்சி வந்து சேர்கிறது. காவிரி நீர்ப் பங்கீட்டு வழக்கின் இழப்புகளைக் கணக்கிடுவோர் ஏக்கர்களை எண்ணுகிறார்கள். நட்ட ஏக்கரிலும் தாமதத்தால் கதிரில்லாமற் போன தூர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

பரிகாரங்களின் வரலாறு பெரும்பாலும் ஏமாற்றத்தின் வரலாறு. குழல் கண்ணுக்குத் தெரியும்போது அந்தத் தூர் ஏற்கெனவே இழந்த தூர். தெளிக்கும் மருந்து இலையுறைக்குள் இருக்கும் புழுவை எளிதில் எட்டுவதில்லை. வேர்வழி ஏறும் குருணை மருந்துகள் பயன்தந்தாலும் செலவும் நஞ்சும் மிகுதி. இதனினும் நம்பிக்கை தந்தது எதிர்ப்புத் திறனுள்ள நெல்லைத் தேடும் முயற்சி. தெலங்கானாவின் ஈஸ்வரகோரா, பழைய சென்னை மாகாணத்துப் பட்டாம்பி நிலையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிடிபி 18, பிடிபி 21 முதலிய நாட்டு நெல்களில் புழு நிலைகொள்ளாமல் மடிவது தெரியவந்தது. ஈஸ்வரகோராவின் வழித்தோன்றலான டபிள்யூ 1263 என்ற நெல்லை ஐஆர் 8 உடன் இணைத்து மதுரையில் எம்டியூ 3 உருவாக்கப்பட்டது. ஆயினும் ஈயும் மாறியது. ஒரு நெல்லின் எதிர்ப்பை வெல்லும் திறன்பெற்ற பூச்சி வகை உயிரிவகை எனப்படும்; இந்தியாவில் அத்தகைய ஏழு உயிரிவகைகள் அறியப்பட்டுள்ளன. ஆந்திரத்தின் வடகரையில் ஃபல்குணா என்ற நெல்லின் எதிர்ப்பு 1980களிலேயே தோற்றது.

படுகையின் தெற்கு விளிம்பில், புதுக்கோட்டைச் செம்மண் பகுதிகளில் காகிதக் கூழுக்காக வளர்க்கப்படும் தைலமரங்களின் அனுபவம், பூச்சியை அடக்கும் இயற்கை எதிரிகளின் பங்கை உணர, இங்கே ஒப்பிடத்தக்கது. அம்மரங்கள் தம் தாயகத்துச் செதில்பூச்சிகளை விட்டுவிட்டே இங்கு வந்தன; ஆனால் 2000ஆம் ஆண்டையொட்டி மத்தியதரைக் கடல் நாடுகளில் முதலில் கவனிக்கப்பட்டு, 2004இல் லெப்டோசைபே இன்வேசா எனப் பெயரிடப்பட்ட ஆஸ்திரேலியக் கழலைக் குளவி, சில ஆண்டுகளில் தென்னிந்தியாவையும் அடைந்து, இளந்தளிர்களின் நரம்புகளையும் காம்புகளையும் புடைக்கச்செய்தது. தன்னை அடக்கும் எதிரிகளை அது பின்னே விட்டு வந்திருந்ததே அந்தப் பெருக்கத்துக்கு முதன்மைக் காரணம். ஆனைக்கொம்பனுக்கு அந்த வசதி இல்லை. அதன் எதிரி அதே வயலிலேயே வாழ்கிறது.

பிளாட்டிகாஸ்டர் ஒரைசே என்ற அந்தச் சிறு கருங்குளவி, ஈயின் முட்டையில் தன் முட்டையை இடுகிறது. அது பல கருக்களாகப் பிரிந்து, வளர்ந்த ஒரே புழுவின் உடலிலிருந்து பல குளவிகள் வெளிவருகின்றன. பருவத்தின் பிற்பகுதியில், சேதம் நிகழ்ந்தபின்பே அதன் தொகை பெருகுவதுதான் குறை. எனவே, நடவு செய்த பத்தாம் நாள், ஒட்டுண்ணி தாக்கிய கழலைகளை 10 சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் வயலில் வைக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 400 கழலைகள் ஆகும் இந்த முறைக்கு, முன்னே நட்ட வயல்களில் குழல்களைப் பிடுங்கி எரித்துவிடாமல், ஈ வெளியேறிய துளையில்லாதவற்றைப் பிரித்தெடுத்துக் காக்கவேண்டும். ஒரு வயலில் விட்ட குளவி அடுத்த வயலின் மருந்தில் மடியும் என்பதால், ஒரே வாய்க்காலில் நீர்பெறுவோர் அனைவரும் நடவு நாளையும் மருந்து இடாத நாட்களையும் சேர்ந்தே முடிவுசெய்யவும் வேண்டும்.