வாயிலைப் பார்க்கும் கண்

காவற் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் உடைமையாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1853ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் ஒகஸ்ரஸ் போப் என்பவர், மின்சாரத்தால் இயங்கும் கள்வர் எச்சரிக்கை மணிக்கு ஆக்கவுரிமை பெற்றார். சில ஆண்டுகளின் பின் எட்வின் ஹோம்ஸ் அவ்வுரிமையை விலைக்கு வாங்கி, அதனைச் செல்வர் இல்லங்களுக்குரிய வணிகமாக வளர்த்தார். கதவு திறந்ததை அம்மணி அறிவிக்கும். வந்தவர் யாரென்று அறிவிக்காது. தொலைவிலிருந்து பார்க்கும் கருவியோ வீட்டைக் காக்கவென்று தோன்றியதன்று. 1942இல் ஜேர்மனியின் பீனமுண்டேயில், ஏவுகணைகள் கிளம்புவதை ஆபத்தின்றிப் பார்ப்பதற்காக நாஜி ஆட்சியினர் பயன்படுத்திய தொலைக்காட்சி அமைப்பே அதன் தொடக்க உதாரணமாகப் பேசப்படுகின்றது.

அக்கண்ணை வீட்டு வாயிலுக்குக் கொண்டுவந்தவர் படைத்தளபதியும் அல்லர், முதலாளியும் அல்லர். நியூயோர்க் நகரின் குயீன்ஸ் பகுதியில் வாழ்ந்த கறுப்பினத் தாதியொருவரே அவர். மேரி வான் பிரிற்றன் பிரவுன் என்பது அவர் பெயர். அவரின் கணவர் அல்பேர்ட் பிரவுன் இலத்திரனியல் தொழில்நுட்பவியலாளர். இருவருக்கும் வேலைநேரம் ஒழுங்கானதன்று. இரவில் மேரி தனித்திருக்கும் வேளைகள் பல. சுற்றுப்புறத்தில் குற்றங்கள் பெருகியிருந்தன. உதவிக்கு அழைத்தால் பொலிசார் விரைந்து வருவதில்லை. எல்லாரிடமும் வரி பெறும் அரசு, எல்லார் தெருவுக்கும் ஒரே வேகத்தில் வருவதில்லை என்பதை நாம் அறிவோம். அந்த இடைவெளியிலேதான் இக்கருவி பிறந்தது. 1966இல் தம்பதியர் விண்ணப்பித்தனர். 1969 டிசம்பர் 2ஆம் திகதி 3,482,037 என்னும் இலக்கமுடைய ஆக்கவுரிமை அவர்களுக்கு வழங்கப்பட்டது.

அவ்வமைப்பைச் சிறிது ஊன்றி நோக்குதல் வேண்டும். கதவில் ஒன்றன்மேலொன்றாக நான்கு பார்வைத் துளைகள். உட்புறத்தில் மேலும் கீழும் நகரும் கமரா. நெட்டையர் வந்தால் மேல் துளை, சிறுவர் வந்தால் கீழ்த் துளை. படுக்கையறையிலிருந்த திரையில் படம் தெரியும். வந்தவரோடு பேசுவதற்கு ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் இருந்தன. வந்தவர் வேண்டியவரானால் ஒரு பொத்தானை அழுத்திக் கதவைத் திறக்கலாம். வேண்டாதவரானால் மற்றொன்றை அழுத்தி அபாய அறிவித்தல் கொடுக்கலாம். பின்னர் வந்த ஆக்கவுரிமைகள் பல இதனை மேற்கோள் காட்டியுள்ளன. எனினும் வீட்டுக் கமரா பெரும் வணிகமாக மாறியபோது அதன் இலாபம் குயீன்ஸ் தாதியைச் சென்றடையவில்லை. 1999இல் அவர் காலமானார்.

இன்று கமரா பூட்டுவோர் பலர் இத்தாதியின் அறிவில் பாதியைக்கூடப் பயன்படுத்துவதில்லை. எவருக்கும் எட்டாத உயரத்தில், கூரையின் கீழ் அதனை மாட்டிவிட்டு நிம்மதியடைகின்றனர். கிடைப்பதோ தலைமயிரின் படம். வாயிலருகே முகம் தெரியும் உயரத்தில் ஒரு கமராவேனும் இருத்தல் வேண்டும். எதிரே சூரியன் எழுந்தாலோ விழுந்தாலோ முகம் கருநிழலாகிவிடும். இரவில் ஒருமுறை நாமே வாயிலில் நின்று, உள்ளே வந்து படத்தைப் பார்த்தாலன்றிக் கமராவின் திறம் தெரியாது. விலையுயர்ந்த கமராவைப் பலவீனமான தாழ்ப்பாளுள்ள கதவுக்கு மேலே காண்பது நமக்கு வியப்பளிக்கும் காட்சிகளில் ஒன்று. பிரவுன் தம்பதியரின் திட்டத்தில் கண்ணும் பூட்டும் ஒன்றாகவே இயங்கின.

ஆயினும் பெரிய மாற்றம் நிகழ்ந்தது வேறிடத்தில். மேரி பிரவுனின் படம் வந்து சேர்ந்த இடம் அவருடைய படுக்கையறை. இக்காலக் கமராக்கள் பலவற்றின் படமோ இணையத்தின் வழியே நிறுவனத்தின் களஞ்சியத்துக்குச் செல்கின்றது. 2018இல் அமெசன் நிறுவனம் வாயிற்கமரா விற்கும் ரிங் நிறுவனத்தை வாங்கியது. ரிங் ஊழியரும் ஒப்பந்தக்காரரும் வாடிக்கையாளரின் தனிப்பட்ட காணொளிகளைப் பார்க்க இடமளிக்கப்பட்டிருந்தது என அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணைக்குழு 2023இல் குற்றஞ்சாட்டியது. 58 இலட்சம் டொலர் செலுத்த நிறுவனம் உடன்பட்டது. ஊழியரொருவர் பெண்களின் ஆயிரக்கணக்கான காணொளிகளைப் பார்த்திருந்தார் என்பதும் அக்குற்றச்சாட்டில் அடங்கும். தனித்திருக்கும் பெண்ணுக்காகப் பிறந்த கருவி எங்கு வந்து நின்றது பாருங்கள்!

2016இல் 'மிறாய்' என்ற தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாத கமரா முதலிய கருவிகளைத் தன்வயப்படுத்தி, பெரிய இணையத்தளங்கள் பலவற்றைச் சிலமணிநேரம் முடக்கியது. கடவுச்சொல்லை முதல்நாளே மாற்றுதல், படத்தை இயன்றவரை வீட்டிலுள்ள கருவியிலேயே சேமித்தல் ஆகியவை கமராவைச் சுவரில் பூட்டுவதைப் போலவே அவசியமான வேலைகள்.

அயலவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. செக் நாட்டில் ஒரு குடும்பம் மீண்டும் மீண்டும் தாக்கப்பட்டு, யன்னல்கள் உடைக்கப்பட்டன. வீட்டுக்காரர் கூரையடியில் கமரா பூட்டினார். சந்தேகநபர் இருவர் அடையாளம் காணப்பட்டனர். அவர்களுள் ஒருவர், பொதுவழியையும் அக்கமரா பதிவு செய்தது முறையா எனக் கேட்டார். பொதுவிடத்தைப் பார்க்கும் கமரா வெறும் வீட்டு அலுவல் அன்று, தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும் என ஐரோப்பிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்த்தது. குடும்பத்தைக் காக்கும் நியாயமான நலனையும் கருத்திற் கொள்ளலாம் என்று அத்தீர்ப்பு கூறத் தவறவில்லை. பெரும்பாலான வீடுகளில் இதற்கு வேண்டுவது சிறு திருத்தமே. கமராவைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்பினால் ஒழுங்கையும் எதிர்வீட்டு முற்றமும் படத்திலிருந்து நீங்கிவிடும். நமது வாயிற்படி எஞ்சும்.